இரண்டாம் பக்கத்தின் கடைசி வரி

சென்ற வாரம், எங்கள் தெருவில் சாக்கடை நீர் மூன்றாம் நாளாகத் தேங்கி நின்ற ஒரு காலைப்பொழுதில், குடியிருப்போர் சங்கச் செயலாளர் வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி என் வீட்டுக்கு வந்தார். கையில் ஓர் ஆங்கில மனு. "சார், இங்கிலீஷ்ல நீங்க புலியாச்சே. ஒரு தபா பாத்துக் குடுத்துடுங்க" என்றார். புலி என்ற சொல்லுக்கு மயங்கி மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டினேன். மாட்டியிருக்கக் கூடாது. நீர் தேங்குகிறது, கொசு பெருகுகிறது, முதியோர் வழுக்கி விழுகின்றனர் என்று பதினொரு முழு வாக்கியங்கள். ஒன்றின் வாலில் மற்றொன்றை வெறும் காற்புள்ளியால் ஒட்டியிருந்தார். வெளியே வீசிய நாற்றத்தைக் காட்டிலும் அந்தத் தாள்தான் என் குடலைப் புரட்டியது என்று சொன்னால், நண்பரே, நீங்கள் சிரிப்பீர்கள். என் மனைவியும் சிரித்தாள்.

தமிழில் நாம் வந்து, நின்று, பார்த்து, கேட்டு என்று கோத்துக்கொண்டே போகலாம், மொழி தாங்கும். ஆங்கிலம் தாங்காது. தன் காலில் தானே நிற்கக்கூடிய இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே அங்கே முற்றுப்புள்ளி வேண்டும், அல்லது அரைப்புள்ளி வேண்டும், அல்லது 'அண்டு' என்றோ 'பட்டு' என்றோ ஓர் இணைப்புச் சொல்லாவது வேண்டும். இதை எனக்கு எந்தப் பள்ளியும் கற்பிக்கவில்லை. நான்காம் பாரத்தோடு, அதாவது இன்றைய ஒன்பதாம் வகுப்போடு, படிப்பை விட்டவன் நான். தேரடித் தெருவின் பழைய புத்தகக் கடையில் வாங்கிய, அட்டை கிழிந்த ஓர் இலக்கண நூலே எனக்குக் கல்லூரி. அதை எழுதியவர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அட்டையோடு அவர் பெயரும் போய்விட்டிருந்தது.

அந்த நூலின் மணம், புளித்த மைதாப் பசையின் மணம். புளித்த பசை என்றாலே, மனுக்களில் முத்திரை வில்லை ஒட்டப் பசைக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்த ரைட்டரின் நினைவு எனக்கு வந்துவிடும். அறுபதுகளின் தொடக்கத்தில், அலுவலகங்கள் நிறைந்த ஒரு சாலையில், தகரக் கொட்டகையில் மனு எழுதிக் கொடுத்துவந்தவர் வேதாசலம். ஊரார் அவரை ரைட்டர் என்றே அழைத்தனர். அவர் வாயால் சொல்வார். நான் தட்டச்சுப் பொறியில் அடிப்பேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அவர் வெற்றிலைச் சாறு ஒழுகும் வாயில் கட்டை விரலை நனைத்து வெற்றுத் தாள்களைப் புரட்டி எடுத்துத் தருவார். ஒவ்வொரு மனுவின் மூலையிலும் இளஞ்சிவப்பாக ஒரு கறை இருக்கும். அந்தக் கறையைத் தொட்டுத்தான் நான் தாளைப் பொறியில் ஏற்ற வேண்டும். மதியச் சோற்றைப் பிசையும்போது அது நினைவுக்கு வரும். பல நாள் பாதிச் சோற்றை அப்படியே மூடி வைத்திருக்கிறேன்.

மனு எழுதுவதில் ரைட்டருக்கு இரண்டு கொள்கைகள் உண்டு. முற்றுப்புள்ளி வைக்கக் கூடாது என்பது ஒன்று. "புள்ளி வெச்சன்னு வை, ஆபீசர் அங்கயே பேப்பர கீழ போட்டுடுவாரு. கமா போட்டுனே போ. மனுசன் எழுந்துக்கவே முடியாது" என்பார். அழுகையை முதலில் வைத்து, கேட்பதைக் கடைசியில் வைக்க வேண்டும் என்பது மற்றொன்று. அதிகாரியின் மனம் கரைந்த பிறகே கோரிக்கை வர வேண்டுமாம். அந்தச் சாலையிலிருந்த மனு எழுத்தாளர் அனைவருக்கும் இதுவே வழக்கம். ஆகவே வந்தவர் எவராயினும், அவர் கேட்டது எதுவாயினும், அது இரண்டாம் பக்கத்தின் கடைசி வரியில்தான் போய் விழும்.

பச்சையம்மாள் அடி அண்ணாமலை கிராமத்திலிருந்து நடந்தே வந்திருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும், கணவர் இல்லை. மழைநீர்க் கால்வாய் வெட்டுவதற்காக அவள் வீட்டை இடிக்க உத்தரவு வந்திருந்தது. "இடிக்காதீங்கன்னு சொல்லலீங்க. ரெண்டு மாசம் வுடச் சொல்லுங்க. பொண்ணு மாசமா வந்து கீது. பிரசவம் ஆயி ஒடம்பு தேறட்டும். அப்பறம் நானே கூரையப் பிரிச்சுக்கினு போய்டறேன்" என்றாள்.

ரைட்டர் கண்களை மூடிக்கொண்டு ஆங்கிலத்தில் தொடங்கினார். மனுதாரர் ஓர் அநாதை விதவை, அவள் வீடு மிகப் பழையது, சுவர்கள் சாய்ந்துவிட்டன, எந்த நேரமும் கூரை தலையில் விழலாம், அவள் இரவெல்லாம் அஞ்சி அழுகிறாள். காற்புள்ளிமேல் காற்புள்ளியாக அது நீண்டுகொண்டே போனது. நான் கையை நிறுத்தினேன்.

"அந்தம்மா வீடு நல்லாத்தானே இருக்குது?"

"கல்லாட்டம் கீதுங்க. போன மாசந்தான் மெழுவுனேன்" என்றாள் பச்சையம்மாள், ஏதோ கேட்கிறார்கள் என்று மகிழ்ந்து.

"நல்லாருக்குதுன்னு எழுதுனா எவன்யா எரக்கப்படுவான்? நீ அடி" என்றார் ரைட்டர்.

அடித்தேன். ஆனால் சும்மா அடிக்கவில்லை, சண்டையும் போட்டேன். எதற்காகத் தெரியுமா? காற்புள்ளிக்காக! சுவர்கள் சாய்ந்துவிட்டன என்பதற்குப் பிறகு முற்றுப்புள்ளி வைத்தே தீர வேண்டும் என்று வாதாடினேன்.

"அட்ட இல்லாத பொஸ்தகம் படிச்ச தொர! உன் புள்ளிய ஊட்டுக்கு எடுத்துனு போயி கோலம் போடு" என்றார் அவர். காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். பச்சையம்மாளும் எதற்கென்று தெரியாமல் சிரித்தாள். என் ஆங்கிலத்தை அவமதித்துவிட்டார் என்று மாலைவரை புழுங்கிக்கொண்டிருந்தேன். சாயாத சுவரைச் சாய்த்து எழுதிய பொய், அன்று என் வயிற்றைச் சிறிதும் புரட்டவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவள் பதில் தாளோடு வந்தாள். "படிச்சு சொல்லுங்க. நேத்தே வந்து இடிச்சுட்டாங்க" என்றாள். வீடு இடிந்து விழும் நிலையில் இருப்பதாக மனுதாரரே ஒப்புக்கொண்டிருப்பதால், உயிர்ச்சேதம் நேராதபடி அதனை உடனே அப்புறப்படுத்த வேண்டும் என்று அதில் கண்டிருந்தது. இரண்டு மாத அவகாசத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ரைட்டர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "முழுசா படிக்கல அந்தாளு" என்றார். அவ்வளவுதான். அடுத்தவரைக் கூப்பிட்டார்.

பச்சையம்மாள் என் பக்கம் திரும்பினாள். "நான் கேட்டது அதுல எங்க எழுதியிருக்குதுன்னு காட்டு தம்பி."

கார்பன் நகலை எடுத்தேன். இரண்டாம் பக்கத்தைப் புரட்டி, அடியில், கையொப்பத்துக்கு மேல் இருந்த வரியைக் காட்டினேன். அவள் விரலை அதன்மேல் வைத்தாள். மெல்ல விரலைத் தாளின் உச்சிவரை நகர்த்தினாள். பிறகு முதல் பக்கத்தை எடுத்து, அதன் நீளத்தையும் கண்ணால் அளந்தாள்.

"இவ்ளோ கீழயா வெச்சீங்க?" என்றாள்.

திட்டியிருந்தால் நான் தேறியிருப்பேன். கார்பன் மை ஒட்டிய விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். மகளுக்குப் பிரசவம், கிரிவலப் பாதையோரத்து மண்டபம் ஒன்றில் நான்கு புறமும் புடவை கட்டி நடந்ததாகக் கேள்விப்பட்டேன். தாயும் குழந்தையும் பிழைத்தனர். அந்த மாதத்தோடு நான் கொட்டகையை விட்டு விலகினேன்.

செயலாளரின் மனுவை நான் திருத்தவில்லை. கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். எங்கள் தெருச் சாக்கடையின் அடைப்பை நீக்குங்கள் என்பதே முதல் வரி. அதன் பின் முற்றுப்புள்ளி. அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னா சார், இவ்ளோதானா? கொஞ்சம் அழுவுற மாதிரி ஜாஸ்தியா போட்டா தேவல" என்றார். வாசலைக் காட்டினேன்.

ரைட்டர் மறைந்து நெடுங்காலமாயிற்று. தகரக் கொட்டகை இருந்த இடத்தில் இன்று தங்கும் விடுதி நிற்கிறது. நான் எடுத்து வைத்திருந்த அந்த நகல் தாளைக் கரையான் தின்றுவிட்டது. நான் இப்போது குடியிருப்பது அடி அண்ணாமலையில்தான். ஆயினும் பச்சையம்மாளின் வீடு எங்கே நின்றது என்று காட்ட எனக்கு ஓர் அடையாளமும் மிஞ்சவில்லை. அந்த வீட்டை இடித்து வெட்டிய கால்வாயும் இல்லை. அதன்மேல் வரிசையாகக் கடைகளைக் கட்டிவிட்டார்கள். அதில் ஓட வேண்டிய நீர்தான் என் வாசற்படியில் நின்று நாறுகிறது.