மியூசியத்துக்குப் போய்வந்து குளித்த நாள்

எங்கள் வகுப்பை மியூசியத்துக்குக் கூட்டிப்போகிறார்கள் என்று நான் சொன்ன உடனேயே அம்மா கட்லட்டுக்கு உருளைக்கிழங்கு அவிக்கத் தொடங்கிவிட்டார். கூட்டமாக எங்கே போனாலும் சாப்பாடு கட்டிக்கொண்டு போகவேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். மியூசியம் என்றால் அம்மாவுக்குப் பஞ்சடைத்த கரடியும் திமிங்கில எலும்பும்தான். ஐரோப்பாவில் யூத மக்களைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றதை நினைவுவைத்திருக்கிற இடம் இது என்று நான் விளக்கம் சொல்லத்தான் செய்தேன். அடுப்படியில் நின்ற அம்மாவின் காதில் மியூசியம் என்ற சொல்லுக்குப் பிறகு ஒன்றும் ஏறவில்லை.

அப்போது எனக்குப் பதினொரு வயது. கூட வருவதாக இருந்த ஒரு பிள்ளையின் தகப்பன் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட, வேறு யார் வீட்டிலாவது பெரியவர்கள் வரமுடியுமா என்று எங்கள் ஆசிரியை கேட்டிருந்தார். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வேலை. பகலில் வீட்டில் இருந்தவர் மாமா ஒருவர்தான். அம்மாவின் ஒரே தம்பி. ஊரில் சண்டை முடிந்து, முகாமில் கிடந்து, எங்கெல்லாமோ அலைந்து மொன்றியலில் எங்களிடம் வந்து சேர்ந்திருந்தார். புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் இரவு வேலை. பிரெஞ்சில் அவருக்குத் தெரிந்தவை வணக்கத்துக்குப் போன்ஜூரும் நன்றிக்கு மெர்சியும். அந்த இரண்டையும்கூட இடம்மாற்றிச் சொல்லுவார்.

"நீ பக்கத்தில நிண்டு மாமாவுக்குச் சொல்லிக்கொண்டிரு பிள்ளை. அந்த மனிசனும் வெளியில ஒரு இடம் பாத்தமாதிரி இருக்கும்," என்றார் அம்மா.

மாமா தனியாக வந்தவர். மாமியைக் காணவில்லை. எங்கள் வீட்டில் அதைச் சொல்லுவதற்கு அந்த ஒரு சொல்தான் இருந்தது, அதற்கு மேல் ஒரு சொல்லை மாமா விடமாட்டார். சண்டையின் கடைசி நாட்களில் காணாமல்போனவர் என்பது மட்டும் எனக்குத் தெரியும். மாமா சாப்பிட உட்காரும் நேரமாகப் பார்த்து அம்மா தொடங்குவார். திதியையாவது சொல்லு, ஐயரைக் கேட்டு ஒரு திவசம் செய்வோம், அந்த ஆத்மா அந்தரிக்கக் கூடாது என்பார். "உயிரோட இருக்கிறவளுக்கு என்னெண்டக்கா திவசம் செய்யிறது," என்று மாமா சாப்பாட்டுக் கோப்பையோடு எழும்பிவிடுவார். பிறகு இரண்டு நாளைக்கு வீட்டில் பேச்சிருக்காது.

வேலை கிடைத்த புதிதில் மாமா செய்த முதல் காரியம், மாமிக்கு ஒரு குளிர்க்கோட்டு வாங்கியது. கருநீலம், தொப்பியின் விளிம்பில் பஞ்சுபோல மயிர் வைத்தது. இங்கே வந்து இறங்கும்போது பனிக்காலமாக இருந்தால் என்ன செய்வது என்று வாங்கினாராம். அளவு பிழைத்தால் மாற்றலாம் என்று கோட்டின் கையில் தொங்கிய விலை மட்டையைக்கூட வெட்டாமல் அலுமாரியில் மாட்டியிருந்தார். வீட்டில் யாரும் இல்லாத நேரங்களில் நான் அதைப் போட்டுக் கண்ணாடியில் பார்ப்பதுண்டு. மாமி உயரம் குறைந்தவர் என்பதால் எனக்கு அது அவ்வளவு பெரிதாக இருக்கவில்லை.

பங்குனி மாதம், தெருவோரத்தில் அழுக்குப் பனி இன்னும் கரையவில்லை. மாமா கல்யாணவீடுகளுக்குப் போடுகிற கோட்டைப் போட்டு, அப்பாவின் வாசனைத் திரவியத்தைக் கழுத்தில் பூசி, கட்லட் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மஞ்சள் பஸ்ஸின் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். ஏறிய ஒவ்வொரு பிள்ளைக்கும் "மெர்சி" என்றார். எனக்கு வெட்கத்தில் இருக்கைக்கு அடியில் புகுந்துவிடலாம் போல இருந்தது. அஹுன்ட்சிக்கில் இருந்து கோட்-டெ-நெய்ஜ் பக்கம் போய்ச் சேரும்வரை நான் சன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

எங்களுக்கு வழிகாட்ட வந்தவர் வெள்ளைத் தலைமுடியை ஒட்டக் கத்தரித்த ஒரு பெண்மணி. மெல்லிய குரலில்தான் பேசினார், ஆனால் யாரும் குசுகுசுக்கவில்லை. அவர் பிரெஞ்சில் சொல்லச் சொல்ல நான் மாமாவின் காதில் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். இப்போது அதுவே எனக்குச் சோறு போடும் தொழில். ஆஸ்பத்திரியில் வைத்தியர் சொல்வதை எங்கள் சனத்துக்கும், எங்கள் சனம் சொல்வதை வைத்தியருக்கும் சொல்லுகிறேன். சொந்தக்காரருக்கு மொழிபெயர்க்கக் கூடாது என்பது எங்கள் வேலையில் முதல் விதி. அன்று எனக்கு அந்த விதியைச் சொல்ல யாரும் இல்லை.

மாமா ஹிட்லரைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். "எனக்குத் தெரியும், தெரியும்," என்று முதலில் தலையாட்டிக்கொண்டுதான் வந்தார். சரித்திரப் புத்தகத்தில் அவர் சப்பாத்துகளைப் பார்த்திருக்கமாட்டார். ஒரு படத்தில் சனத்தின் கால்களில் இருந்து கழற்றிய சப்பாத்துகள் மலைபோலக் குவிந்து கிடந்தன. சின்னப் பிள்ளையின் சப்பாத்து ஒன்று வாரோடு மேலே தெரிந்தது. இன்னொரு படத்தில் சனம் மூட்டைமுடிச்சோடு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. அந்தப் படத்துக்கு முன்னால் மாமா நின்றுவிட்டார். முகத்தைக் கண்ணாடிக்குக் கிட்டக் கொண்டுபோய், வரிசையில் ஒவ்வொருவராகப் பார்த்தார். யாரையோ தேடுவதுபோல இருந்தது.

"குளிக்கப் போகிறீர்கள் என்று சொல்லி உடுப்புகளைக் கழற்றவைத்தார்கள்," என்று அந்தப் பெண்மணி சொன்னார். "உள்ளே போனதும் கதவைப் பூட்டினார்கள். அது குளிக்கிற இடம் இல்லை." நான் அதை மாமாவுக்குச் சொல்லத் தொடங்கினேன். பாதியோடு நிறுத்திவிட்டேன். இப்படி ஒன்றைப் பெரியவர்கள் யோசித்துச் செய்தார்கள் என்பதை என்னால் நம்பமுடியவில்லை. மீதியைச் சொல்லும்படி மாமா கேட்கவும் இல்லை.

கடைசியாக ஒரு சின்ன இருட்டு அறைக்குள் கூட்டிப்போனார்கள். நடுவில் ஒரு விளக்கு, அதன் கீழே மூடிய பாத்திரம் ஒன்று. கொலைமுகாமில் இருந்து கொண்டுவந்த சாம்பல் அதற்குள் இருக்கிறது என்றார் அந்தப் பெண்மணி. நான் சொன்னதும் மாமா என் தோளைப் பிடித்தார்.

"ஆரின்ரை சாம்பல் எண்டு கேள் பிள்ளை."

கேட்டேன். யாருடையது என்று தெரியாது, எல்லாருடையதும்தான் என்றார். தன் தகப்பனின் தங்கையும் அந்த முகாமுக்குத்தான் கொண்டுபோகப்பட்டாராம். அவருடையதும் இதற்குள் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

"ஏனாம் இன்னும் தண்ணியில கரைக்காமல் வச்சிருக்கினம்?"

அதை எப்படிப் பிரெஞ்சில் கேட்பது என்று தடுமாறி ஏதோ சொல்லி முடித்தேன். எங்களிடம் அந்த வழக்கம் இல்லை என்று அவர் பொறுமையாகச் சொன்னார். வகுப்புப் பிள்ளைகள் திரும்பித் திரும்பி எங்களைப் பார்த்தார்கள். மாமா இதோடு விட்டால் போதும் என்று நான் வேண்டாத தெய்வமில்லை. மாமா விடவில்லை.

"அந்த மனிசி செத்த நாள் தெரியாதெல்லோ. அப்ப இவையள் திவசத்தை எண்டைக்குச் செய்யினம்? கேள்."

திவசத்துக்கு எனக்குப் பிரெஞ்சுச் சொல் தெரியவில்லை. செத்தவர்களுக்காக வருஷத்தில் ஒரு நாள் செய்வது என்றேன். அந்தப் பெண்மணி மற்றப் பிள்ளைகளை விட்டு முழுதாக மாமாவின் பக்கம் திரும்பினார். பிறகு மெதுவாக, நான் சொல்வதற்காக இடையிடையே நிறுத்தி, மாமாவின் முகத்தைப் பார்த்தே பேசினார். அவர் சொன்னதை நான் மாமாவுக்கு இப்படிச் சொன்னேன்.

"அவவின்ரை அப்பா கனகாலம் ஒண்டும் செய்யேல்லையாம் மாமா. தங்கச்சி வருவா, வருவா எண்டு பாத்துக்கொண்டு இருந்தவராம். பேந்துதான் யோசிச்சவராம், தான் பாத்துக்கொண்டு இருக்கிறதால அவவுக்கெண்டு ஒருத்தருமே அழேல்லை எண்டு. அதுக்குப் பிறகு தானே ஒரு நாளைத் தெரிஞ்செடுத்தவராம். கடைசியா அவவைக் கண்ட நாளை. ஒவ்வொரு வருஷமும் அண்டைக்கு விளக்குக் கொளுத்துவினமாம்."

பிழையில்லாமல் சொல்லிவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. நிமிர்ந்து பார்த்தபோது மாமாவைக் காணவில்லை. கீழே, சுவரோடு சாய்ந்து, கல்யாணவீட்டுக் கோட்டோடு நிலத்தில் உட்கார்ந்திருந்தார். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. பெரிய ஆம்பிளை ஒருவர் அப்படி நிலத்தில் இருந்ததை நான் அதுவரை பார்த்ததில்லை. ஆசிரியை ஓடிப்போய்க் கடதாசிக் குவளையில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். மாமா அந்தத் தண்ணீரைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிறகு எங்களைச் சாப்பிட வேறொரு அறையில் இருத்தினார்கள். அம்மாவின் கட்லட்டுகள் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்தன. ஒன்றை மாமாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "செத்தவீட்டில வாயில வைக்கிறதில்லை," என்றார். இது மியூசியம் மாமா என்றேன்.

புறப்படும்போது அந்தப் பெண்மணி வாசலில் நின்று எல்லாருக்கும் கைகொடுத்தார். மாமாவுக்கும் நீட்டினார். மாமா அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்து, கொஞ்ச நேரம் வைத்திருந்து, ஒரு சொல்லும் சொல்லாமல் விட்டுவிட்டு இறங்கிப் போனார். திரும்பிப் பார்க்கவுமில்லை. பஸ்ஸில் ஏறினவனுக்கெல்லாம் மெர்சி சொன்ன மனிதர், சொல்லவேண்டிய இடத்தில் சொல்லவில்லையே என்று எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அவருக்கும் சேர்த்து நானே மெர்சி சொன்னேன். செத்தவீட்டில் போயிட்டு வாறன் என்று சொல்லக்கூடாது, சொல்லாமல்தான் வரவேண்டும் என்பது எனக்குப் பிறகு வந்த அறிவு.

வீட்டுப் படிகளில் ஏறிக் கதவைத் தட்டினோம். அம்மா திறந்தார். மாமா உள்ளே காலை வைக்கவில்லை.

"அக்கா, சாமானுகளை ஒதுக்கிவிடு. ஒண்டிலயும் முட்டாமல் நேர குளிக்கப் போகவேணும். பிள்ளையும் தோயவேணும். உடுப்பெல்லாத்தையும் தண்ணியில போடு."

"ஏன்ரா? ஆர் செத்தது?"

மாமா அம்மாவைப் பார்த்துக்கொண்டே நின்றார். அம்மா கேட்டதை இரண்டாம்முறை கேட்கவில்லை. வழியை விட்டு ஒதுங்கி நின்றார்.

மாமா குளித்து வந்ததும் என் முறை. நான் மாட்டேன் என்று அழுதேன். கதவைப் பூட்டக்கூடாது என்று கத்தினேன். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று அம்மா பயந்துபோனார். கடைசியில் கதவை அகலத் திறந்துவைத்து, தலையில் தண்ணீர் விழவிழ நான் வாசலையே பார்த்துக்கொண்டு குளித்தேன். அம்மா என் உடுப்புகளையும் நான் போட்டுப்போன குளிர்க்கோட்டையும் அள்ளிக்கொண்டுபோய்ச் சலவை மெஷினில் போட்டார்.

நான் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது மாமா அடுப்படி மேசையில், ஈரத் தலையோடு இருந்தார். அம்மா அடுப்பைப் பார்த்தபடி நின்றார்.

"அண்டைக்கு நிலவில்லை அக்கா," என்றார் மாமா.

"எண்டைக்கு?"

"அவள் தண்ணி எடுக்கப் போன அண்டைக்கு. பொழுதுபட்டும் வரேல்லை. ஒரு பொட்டு நிலவுகூட இல்லை. அதாலதான் தேட ஏலாமல் போச்சு."

அம்மா அடுப்பை அணைத்தார். "அப்ப அமாவாசை," என்றார். "எந்த மாசம்?"

"சித்திரை."

அம்மா மாமாவின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதார். மாமாவும் அழுதார், பெரிய சத்தமாக. மேல்வீட்டுக்காரர் நிலத்தில் இரண்டுமுறை தட்டினார்கள். மியூசியத்தில் பார்த்ததற்காகத்தான் அழுகிறார்கள், அதற்கு ஏன் நிலவைப் பற்றிக் கதைக்கிறார்கள் என்று நான் நினைத்தேன். எனக்கும் அந்தச் சப்பாத்து கண்ணுக்குள்ளேயே நின்றது. நானும் போய் அவர்களோடு சேர்ந்து அழுதேன். அன்று பகல் மாமிக்கு அழச் சொல்லி மாமாவின் காதில் சொன்ன வாய் என்னுடையது என்பது எனக்குத் தெரியாது.

அடுத்த நாள் காலை மறுபடி பனி கொட்டியது. என் குளிர்க்கோட்டு வெப்பமூட்டியின் மேல் இரவு முழுதும் கிடந்தும் காயவில்லை. இன்றைக்குப் பள்ளிக்கூடம் வேண்டாம் என்று அம்மா சொல்லிக்கொண்டிருக்கும்போது மாமா அறைக்குள் போய் அலுமாரியைத் திறக்கிற சத்தம் கேட்டது. கருநீலக் கோட்டோடு வந்தார். மேசையில் இருந்த கத்தரிக்கோலை எடுத்து, கையில் தொங்கிய மட்டையைத் தானே வெட்டினார். பிறகு என்முன்னால் முழங்காலில் இருந்து, எனக்குக் கோட்டைப் போட்டு, கைகளை ஒரு மடிப்பு மடித்து, கழுத்துவரை பொத்தான்களைப் பூட்டிவிட்டார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனாலும் மாமியின் சாமான் அல்லவா, மாமா ஏதும் நினைத்துக்கொள்வாரோ என்றும் இருந்தது.

"நான் ஊத்தையாக்கமாட்டன் மாமா," என்றேன். "மாமி வந்தவுடனை திருப்பிக் குடுத்திடுவன்."

மாமா தொப்பியை இழுத்து என் காதுகளை மூடிவிட்டார்.

"ஓம்," என்றார்.