வெட்டக் கூடாது, நகர்த்தலாம்

வனத்துறை அலுவலகத்தில் என்னை ‘டஃப் ஆபீசர்’ என்பார்கள். விதியைச் சொல்லியே எந்தக் கோப்பையும் நிறுத்திவிடுவேன். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு ஓய்வும் பெற்றேன்.

சென்ற மழைக்காலத்தில் ஜவ்வாது மலையிலிருந்து ஆலங்காயத்துக்கு பஸ்ஸில் இறங்கிக்கொண்டிருந்தேன். ஒரு வளைவில் சாலைக்குக் குறுக்கே மரம் சாய்ந்து கிடந்தது. பயணி ஒருவர் அதை வெட்டக் கொடுவாளோடு எழுந்தார்.

“காப்புக்காட்டு மரம். அனுமதியில்லாமல் வெட்டினால் வழக்கு வரும்” என்றேன் பழைய மிடுக்கோடு. கொடுவாள் பைக்குள் போனது.

பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு வாணியம்பாடியில் நர்சிங் தேர்வு. கண் கலங்கிவிட்டாள். “பேப்பர்தான் டஃப்பா இருக்கும்னு பயந்தேன் சார். போய்ச் சேர்றதே இவ்ளோ டஃப்பா? நகர்த்தக்கூடக் கூடாதுங்களா?”

மனதுக்குள் விதிகளைப் புரட்டினேன். வெட்டத்தான் கூடாது, ஓரம் தள்ளக் கூடாதென்று எங்குமே இல்லை!

“எல்லாரும் இறங்குங்க!” என்று கத்தினேன்.

“இன்னா சார், இப்பதானே கேஸுன்னீங்க?” என்றார் கண்டக்டர்.

“வந்தா நான் பதில் சொல்றேன். தள்ளுங்க!”

“வேங்கை சார் இது. டஃப்பான மரம், அசையாது” என்றார் அவர்.

ஆனாலும் பஸ்ஸே காலியானது. நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கித் தோள் கொடுத்தேன். மரம் முனகியது, அசைந்தது, பஸ் போகுமளவுக்குத் திரும்பியேவிட்டது! அந்தக் கூச்சலில் என் குரல்தான் பெரியது.

ஆலங்காயத்தில் வாணியம்பாடி பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் ஏறியவள் ஜன்னல் வழியே கத்தினாள்: “நீங்க செம டஃப்பு சார்!”

பல வருடங்களாகக் கேட்ட சொல்தான். ஒருவர் அதை உண்மையிலேயே பாராட்டாகச் சொல்லி அன்றைக்குத்தான் முதல்முறை கேட்டேன்.