சனிக்கிழமை மூன்று மணிக்குச் சிரிப்பவள்

"மேடம், டுரியான் கட்டுரை படிச்சிட்டு வயிறு வலிக்கச் சிரிச்சேன்லா. இந்த வாரம் நீங்க நல்ல மூட்ல இருக்கீங்க போல."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசகி ஒருவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் இது. அதைக் கேட்டபோது நான் சிம்பாங் அம்பாட்டில் ஒரு சாவு வீட்டின் போர்ச்சில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். சரியாகத் தூங்கிப் பல நாள் ஆகியிருந்தது. கண் எரிந்தது.

அந்த டுரியான் கட்டுரை எப்போதோ எழுதிக் கொடுத்தது. பத்திரிகையில் வாரப் பத்தி எழுதுகிறவர்கள் எல்லோரும் செய்கிற வேலைதான் – கையில் இரண்டு மூன்று ஸ்டாக் இருந்தால்தான் எடிட்டர் நிம்மதியாக இருப்பார். நான் அழுதுகொண்டிருக்கும் வாரத்தில் என் பழைய சிரிப்பு அச்சாகி உங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறது. அந்த வாசகிக்கு என்ன பதில் போடுவது? கை கூப்புகிற பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டுப் போனைப் பைக்குள் போட்டேன்.

முந்தின நாள் அதே வீட்டுக்குள் ஒரு பெண்ணின் பழைய சிரிப்பு ஒரு குடும்பத்தையே உடைத்திருந்தது. அதனால்தான் அந்த மெசேஜ் அப்படிச் சுட்டது.

இறந்தவர் மணியம் அண்ணன். நானும் அவரும் ஒரே எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர்கள். எஸ்டேட் கைமாறிப் போனபிறகு அவர் சிம்பாங் அம்பாட்டில் ஒரு தாமான் குடியிருப்பு வீட்டுக்கு வந்தார். நான் புக்கிட் பெருவாங் பக்கம் போய்விட்டேன். ஃபேக்டரி ஆட்களை ஏற்றி இறக்குகிற வேனுக்கு அவர் டிரைவர். மனைவி பாக்கியம் அக்கா. ஒரே மகள், கலா.

கலா எங்கே இருக்கிறாள் தெரியுமா? மடகாஸ்கரில்.

கோலாலம்பூரில் மீடியா படித்தாள். தீபாவளி நிகழ்ச்சிகள் எடுக்கிற ஒரு கம்பெனியில் கொஞ்ச காலம் வேலை செய்தாள். அந்தச் சமயத்தில்தான் கிறிஸ்தவள் ஆனாள், ஈப்போ பையன் டேனியலைக் கல்யாணம் செய்துகொண்டாள், இருவரும் மிஷனரிகளாகக் கப்பல் ஏறாத குறையாகக் கிளம்பிப் போனார்கள்.

மிஷனரி என்றதும் தெருமுனையில் மைக் பிடித்து நிற்பாள் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் வேலை டிவி நிகழ்ச்சி எடுப்பது. அந்த ஊர்த் தாய்மார்களுக்காக, அந்த ஊர் பாஷையில், அரை மணி நேரம். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது, மரவள்ளியை எப்படிச் சமைப்பது, அப்புறம் ஒரு பைபிள் கதை, கடைசியில் ஒரு ஜெபம். டேனியல் கேமரா பிடிப்பான். கலா முன்னால் நின்று பேசுவாள். பிறகு அவளே உட்கார்ந்து எடிட் பண்ணுவாள்.

"ஆன்ட்டி, இங்க கரண்ட் இருக்கறப்ப சேவல் கூவும். சேவல் சும்மா இருக்கறப்ப கரண்ட் போயிடும்" என்று ஒரு தடவை போனில் சொன்னாள்.

அதனால் கரண்ட் ஒழுங்காக இருக்கிற நாட்களில் ஒரு சீசனையே எடுத்து வைத்துவிடுவார்கள். ஒரு எபிசோடு முடிந்ததும் ஓடிப்போய்ச் சட்டையை மாற்றி, தலையை வேறு மாதிரி முடிந்துகொண்டு வந்து அடுத்ததற்கு நிற்பாள். பார்க்கிறவர்களுக்கு அது அடுத்த வாரம். அவளுக்கு அது அன்றைய மத்தியானம்.

மதம் மாறிவிட்டாள் என்று மணியம் அண்ணன் அவளோடு வெகுகாலம் பேசவில்லை. கல்யாணத்துக்கும் போகவில்லை. அந்தக் கோபத்தைக் கரைத்தது யார்? சொந்தக்காரர்களா? சமாதானம் பேசப் போன நானா? யாரும் இல்லை... யூடியூப்.

அங்கே டிவியில் ஓடும்போதே இங்கே யூடியூப்பிலும் வந்துவிடும் – நமக்குச் சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணி. பாக்கியம் அக்கா ஒருநாள் அதை ஹால் டிவியில் போட்டுவிட்டிருக்கிறார். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு, "இளைச்சிட்டாளா?" என்று கேட்டார். அடுத்த சனிக்கிழமை நாற்காலி டிவிக்கு முன்னால் நகர்ந்துவிட்டது.

ஒரு வார்த்தை புரியாது அவருக்கு. ஆனாலும் அரை மணி நேரமும் அசையமாட்டார். ஒருநாள் நான் இருக்கும்போது, "இந்தா, 'லாலனா'ங்கிறா பாரு. ரோட்டுப் படம் காட்டறா. நம்ம மலாய்க்காரங்க ஜாலான்னு சொல்றதுதான் இது. பொண்ணு எங்கயோ போயி நம்ம ஊர் பாஷைய பேசறாளே" என்றார். நிஜமாகவே அந்த பாஷைக்கும் மலாய்க்கும் சொந்தம் உண்டாம். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் மகளுக்குப் போன் போடுவார். "ஏம்மா இன்னிக்கு கண்ணு வீங்கியிருக்கு? தூங்கலயா?"

அந்த வீக்கம் எப்போதோ வந்து எப்போதோ போனது. கலா அதைச் சொல்லமாட்டாள். "ஆமாப்பா, கொசு. இன்னிக்குச் சீக்கிரம் படுத்துடறேன்" என்பாள். அப்பா இன்றைய மகளைப் பார்த்துவிட்ட திருப்தியில் இருக்கிறார். அதை ஏன் கெடுப்பது? மணியம் அண்ணன் உடனே செர்காமில் இருக்கிற தன் அண்ணன் ராமையாவுக்கும் போன் போடுவார். "என் மகளுக்கு இன்னிக்குக் கண்ணு வீங்கியிருக்குண்ணே, கொசுவாம்."

ஒரு புதன்கிழமை காலையில், வேனுக்குப் பக்கத்திலேயே சரிந்தார் மணியம் அண்ணன். ஆஸ்பத்திரி போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கலா வந்து சேர இரண்டு நாளாவது ஆகும். அதுவரை வைத்திருக்க முடியாது என்று ராமையா அண்ணன் முடிவு செய்துவிட்டார். அவருடைய மகன்தான் கொள்ளி வைத்தான். கலா பதினாறாம் நாள் கருமாதிக்கு வருவதாக டிக்கெட் போட்டாள்.

மின்சுடலையில் நான்தான் அவளுக்காகப் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "ஆன்ட்டி, வெளிச்சத்துக்கு எதிரா பிடிக்காதீங்க, அப்பா முகம் கறுப்பாத் தெரியுது" என்றாள். இந்தப் பக்கம் நகர்ந்தேன். "இன்னும் கொஞ்சம் கீழ... ஆங், அப்படியே வைங்க. ஆட்டாதீங்க." அவ்வளவு நிதானமாகச் சொன்னாள். பெட்டி உள்ளே போனபோது போன் முழுக்க அவள் முகம்தான். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. இரண்டு கையாலும் தன் தலைமுடியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை அங்கே பார்த்தது நான் ஒருத்திதான். என்னால் தாங்க முடியவில்லை.

மற்றவர்கள் பார்த்தது வேறு முகம்.

சனிக்கிழமை. வீடு நிறையச் சொந்தக்காரர்கள். சாவு வீட்டில் டிவி போடக்கூடாது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அந்த டிவியின் மேல் ஒரு வெள்ளைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். மூன்று மணிக்கு பாக்கியம் அக்கா எழுந்தார். துணியை எடுத்து மடித்து வைத்தார். டிவியைப் போட்டார். அண்ணனின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

மஞ்சள் பிளவுஸில் கலா வந்தாள். யாருடையதோ ஒரு கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, அது அவள் மூக்கைப் பிடித்து இழுக்க, விழுந்து விழுந்து சிரித்தாள்.

ராமையா அண்ணன் எழுந்தார். "அப்பன் செத்து சாம்பல் கரைக்கல. மகளுக்குச் சிரிப்பு வருது, பார்த்துக்குங்க எல்லாரும்" என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் வாய் கேட்குமா? "அண்ணே, அது இன்னிக்கு எடுத்தது இல்ல. ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே எடுத்து வச்சது. எல்லாமே அப்படித்தான்" என்றேன். விஷயம் தெரிந்தால் அடங்கிவிடுவார் என்று நினைத்தேன்.

அவர் என்னையே பார்த்தார். "எல்லாமேன்னா?"

"எல்லா வாரமும்தாண்ணே. மொத்தமா எடுத்து வச்சிடுவாங்க."

"அப்ப என் தம்பி வாராவாரம் எனக்குப் போன் போட்டு, இன்னிக்கு என் மக இப்படி இருக்கா, அப்படி இருக்கான்னு சொன்னானே... அவன முட்டாளாக்கி வச்சிருந்தாளா?"

சிரித்ததற்காவது மன்னிப்பு உண்டு போல. இதற்கு இல்லை. நிகழ்ச்சியை நிறுத்தச் சொல்லிக் கலா அங்கே கேட்டுப் பார்த்ததையும், நேரத்தைக் காலியாக விடமுடியாது என்று டிவிக்காரர்கள் சொல்லிவிட்டதையும் சொல்லிப் பார்த்தேன். யார் காதிலும் ஏறவில்லை.

ராமையா அண்ணன் தம்பி மனைவியிடம் திரும்பினார். "அவ கருமாதிக்கு வந்தா நானும் வரல, என் மகனும் வரமாட்டான். நீயே முடிவு பண்ணிக்க."

கொள்ளி வைத்தவன் வராமல் கருமாதி எப்படி நடக்கும்? அக்கா ஒரு வார்த்தை மகளுக்காகப் பேசுவார் என்று காத்திருந்தேன். அவர் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெபம் முடிந்து கலா கை அசைத்த பிறகுதான் எழுந்தார். சமையல்கட்டுக்குப் போய் மகளுக்குப் போன் போட்டார். "வேண்டாம்மா... இப்ப வேண்டாம்" என்று சொன்னது ஹால் வரைக்கும் கேட்டது.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பின்னாலேயே போனேன். "ஏன்க்கா, பெத்த பொண்ணுக்காக ஒரு வார்த்த பேசக்கூடாதா? அது பழைய படம்னு நீங்களாவது சொல்லியிருக்கலாம்ல?"

"எனக்கு எப்பவோ தெரியும்" என்றார்.

"எப்படி?"

"போன்ல வீடியோவுல பேசறப்ப முடிய ஒட்ட வெட்டியிருப்பா. மறுநாளு டிவில பார்த்தா முதுகு வரைக்கும் தொங்கும். இது கூடவா எனக்குத் தெரியாது? அவருகிட்டத்தான் சொல்லல. சந்தோசமா பார்த்துக்கிட்டு இருந்தாரு, பார்க்கட்டும்னு விட்டுட்டேன்."

அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அதை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இங்க வந்தா அவ அழுவா. நானும் அழுவேன். அப்பன் இல்லாத பொண்ணா வந்து நிப்பா என் முன்னாடி... பெரியவரு சொன்னதுக்காக மட்டும் நான் வேண்டாம்னு சொல்லல. டிவில பார்த்தோமே, அந்தக் கலாவுக்கு இன்னும் அப்பா இருக்காரு. அதனாலதான் அப்படிச் சிரிக்கிறா. கொஞ்ச நாளைக்கு அவள மட்டும் பார்த்துக்கிறேனே."

கருமாதி கலா இல்லாமலே நடந்தது. போனைக்கூட யாரும் தூக்கிப் பிடிக்கக் கூடாது என்று ராமையா அண்ணன் சொல்லிவிட்டார். அக்கா ஓரமாக உட்கார்ந்திருந்தார். சாப்பாடு நன்றாக இருந்தது என்று சொல்லிக்கொண்டு எல்லோரும் கிளம்பிப் போனார்கள். எனக்கு ஒரு கவளம் இறங்கவில்லை.

அந்த வீட்டில் சனிக்கிழமைகளில் இப்போதும் டிவி ஓடுகிறது. அக்கா நாற்காலியில் உட்காருவதில்லை, தரையில்தான். யார் முறைத்தாலும் அவர் கவலைப்படுவதில்லை.

இந்த வாரம் கலா போன் செய்தாள்.

"ஆன்ட்டி, அடுத்த சீசன் எடுக்கணும். டேனியல் லைட் எல்லாம் செட் பண்ணிட்டாரு. நான் கேமரா முன்னாடி போயி நின்னு பார்த்துட்டு வந்துட்டேன். சிரிச்சா பெரியப்பா பார்ப்பாரு. சிரிக்கலன்னா அம்மா பார்ப்பாங்க. நான் எந்த முகத்த வச்சிக்கிட்டு நிக்கறது, நீங்களே சொல்லுங்க."

வாராவாரம் உங்களுக்கு ஊர்ப்பட்ட யோசனை சொல்கிறவள் நான். அவளிடம் மட்டும், "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டேன். அவள் அழ ஆரம்பித்தாள்.

வழக்கம்போல இந்தப் பத்தியையும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கிறேன். அப்பா இருந்தபோது எடுத்த பழைய சீசனில் இன்னும் ஒரே ஒரு எபிசோடுதான் பாக்கி. அது இந்தச் சனிக்கிழமை மூன்று மணிக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் இதைப் படிக்கும்போது, டிவியில் வருகிற கலாவுக்கும் அப்பா போய்ச் சேர்ந்திருப்பார்.