கேமரா சத்தம்

எடிட்டருக்குக் கேமரா சத்தம் என்றாலே ஆகாது. எந்தக் கல்யாண வீடியோ வந்தாலும், கம்ப்யூட்டரில் ஏற்றியதும் முதல் வேலையாக அதன் சத்தத்தை அடியோடு வழித்து எறிந்துவிடுவார். அப்புறம்தான் வெட்டு, ஒட்டு, மேலே ஒரு இசை. "நாற்காலி இழுக்குற சத்தமும் நாலு பேர் கசமுசான்னு பேசுறதும் யாருக்கு வேணும்? அதைத் தூக்கிப் போட்டாத்தான் படத்துக்கே களை வரும்" என்று தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களிடமெல்லாம் அடித்துச் சொல்லுவார். வேலை முடிந்த கையோடு மூலப் பதிவுகளையும் அழித்துவிடுவார். இடத்தை அடைக்குமாம்.

அம்மா இறந்த மறுமாதம், தங்கை அவருடைய எடிட்டிங் அறைக்கு வந்தாள்.

"அண்ணா, என் கல்யாண வீடியோவுல அம்மா ஏதோ பேசுவாங்கல்ல? அவங்க குரலைக் கேக்கணும் போல இருக்கு. கொஞ்சம் போடேன்."

"அதுக்கென்ன, நானே எடிட் பண்ணினதுதானே" என்று ஓடவிட்டார்.

திரையில் அம்மா கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். பேச வாயைத் திறந்தாள். புல்லாங்குழல் கேட்டது.

எடிட்டர் சத்தத்தைக் கூட்டினார், குழல்தான் கூடியது. பழைய டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தார். எல்லாம் துடைத்து வைத்த மாதிரி காலி.

"இவ்வளவு நேரம் பேசுறாங்களே அண்ணா, என்னதான் சொன்னாங்க?"

வெட்டும்போது அந்த இடத்தை எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்தவர் அவர். முகத்தில் வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று பார்த்திருந்தார். ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.