ஐந்து லாரிக்கு ஐந்து தேங்காய்

பட்டாளத்துக்கு அரிசி ஏற்றிப் போகும் லாரிகளில் ரைட்டர் வேலை என்றால், மூட்டை போய்ச் சேரும்வரை நம்மை ஒருவரும் கண்டுகொள்ள மாட்டார்கள். சேரவில்லை என்றால் முதலில் நம்மைத்தான் தேடுவார்கள். கையில் காகிதமும் பென்சிலுமாக அடுத்தவர் சரக்குக்குக் காவல் போனவர் யாராவது இதைப் படித்தால், அவருக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களும் கொஞ்சம் கேளுங்கள். யுத்தம் முடிந்து வருஷம் ஒன்றுகூட ஆகவில்லை, எனக்கு எல்லாம் நேற்று நடந்தது போல இருக்கிறது.

கரி வண்டி

போடி லைன் தண்டவாளத்தையே யுத்தத்துக்கு என்று பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். பெட்ரோலும் கிடையாது. தேனியிலிருந்து குமுளி மலைமேல் இருந்த பட்டாளத்து முகாமுக்கு அரிசியும் பருப்பும் கரி லாரியில்தான் போனது. முதுகில் ஒரு பெரிய பீப்பாயைக் கட்டிக்கொண்டு, அதில் அடுப்புக்கரியை எரித்து, அந்தப் புகையில் ஓடுகிற வண்டி அது. கம்பம், கூடலூர் வரைக்கும் சமதரையில் ஒழுங்காக வரும். மலை ஏற ஆரம்பித்தால் இரண்டாவது வளைவில் மூச்சு வாங்கிவிடும். அங்கே நிறுத்தி, கம்பியால் குத்திச் சாம்பலைத் தள்ளி, கையால் சக்கரம் சுற்றிக் காற்று அடித்தால்தான் மேற்கொண்டு நகரும்.

முதல் லாரி டிரைவர் சுருளி அண்ணன்தான் ஐந்து லாரிக்கும் தலை. முகமெல்லாம் கரி அப்பி, சிரித்தால் பல் மட்டும் தெரியும். சித்திரையில் அவர் வீரபாண்டி ஆத்தாளுக்கு அக்கினிச்சட்டி எடுப்பதாக அவர் சம்சாரம் நேர்ந்திருந்தார். "எடுப்பீகளாண்ணே?" என்று கேட்டேன். பீப்பாய் மூடியைத் திறந்து, உள்ளே கனன்றுகொண்டிருந்ததைக் காட்டிவிட்டுச் சொன்னார்: "ஏலே ரைட்டரு, நான் வாரத்துக்கு ரெண்டு சட்டி எடுக்குறேன், ஆத்தாளுக்குத் தெரியாமலா இருக்கும்?"

சீல் வைத்த உறை

எந்த நாள் புறப்பாடு, எத்தனை லாரி என்பது ரகசியம். அரக்கு முத்திரை வைத்த உறையில் முகாமிலிருந்து வரும். காண்டிராக்ட் எடுத்திருந்த எங்கள் முதலாளி அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னிடம் தருவார். நான் மூட்டைச் சீட்டு எழுதி வைத்துவிட்டு, புறப்படுகிற காலையில்தான் சுருளி அண்ணனிடம் காட்ட வேண்டும். சின்ன வயதில் தாத்தா சொன்ன கதைகளிலெல்லாம் ரகசியத்தை வெளியே விட்டவன் கல்லாகிப் போவான். உறையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டுதான் சாப்பிடவே உட்காருவேன்.

அவ்வளவு படித்த ஆட்கள் இருக்க என்னை ஏன் எடுத்தார் என்று முதலாளியிடம் ஒருநாள் கேட்டே விட்டேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "நீ பேசுனா பக்கத்துல நிக்கிறவனுக்கே கேக்காதுப்பா, அதுக்குத்தான் ஒன்னைய எடுத்தேன்."

குறைந்துபோன ஒரு காய்

மலையடிவாரத்தில் சாலையோரமாக ஒரு கருப்பசாமி உண்டு. வண்டிக்கு ஒரு தேங்காய் உடைக்காமல் எந்த டிரைவரும் மேலே ஏறமாட்டார். மாட்டு வண்டிக் காலத்திலிருந்து இருக்கிற பழக்கம், லாரி வந்த பிறகும் விடவில்லை. கோயிலுக்கு எதிரே ஒரு ஆத்தா கூரைச் சாய்ப்புப் போட்டுக் காயும் சூடமும் விற்றார். காய் எடுத்துக் கொடுப்பது ரைட்டர் பொறுப்பு.

நான் சேர்ந்த புதிதில் ஒருநாள் ஐந்து லாரி போய் நிற்க, ஆத்தாவிடம் நான்குதான் இருந்தது. ஐந்தாவது லாரி டிரைவர் ஸ்டீயரிங்கில் கை வைக்க மாட்டேன் என்றுவிட்டார். ஒரு காயைத் தேடிக் கூடலூருக்கு ஆள் ஓடி, அவர் திரும்பி வருவதற்குள் ஐந்து பீப்பாயும் அணைந்துபோய், மறுபடி கரி மூட்டி, முகாமுக்குப் போய்ச் சேரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. அங்கே வாங்கிய வசவை இங்கே எழுத முடியாது. அதற்குப் பிறகு நான் ஒரு ஏற்பாடு செய்தேன். புறப்படுவதற்கு முந்தின நாளே குமுளி பஸ் கண்டக்டரிடம் "நாளைக்கு அஞ்சு காய்", "நாளைக்கு மூணு காய்" என்று சொல்லியனுப்பிவிடுவேன். ஆத்தா அத்தனை காயையும் குடுமியோடு பலகையில் வரிசையாக அடுக்கி, வேறு யாரும் கேட்காதபடி மேலே ஒரு சிவப்புத் துணியைப் போட்டு வைப்பார். ஒருநாள்கூடக் குறையவில்லை. சுருளி அண்ணனே என் தோளில் தட்டினார்: "இப்பத்தான்டா நீ ரைட்டரு!"

இரண்டாவது வளைவு

அன்றைக்கு ஐந்து லாரி. துப்பாக்கியோடு வந்த சிப்பாய்கள் இரண்டு பேர், இருவருமே முதல் லாரியில். நான் கடைசி லாரியில் மூட்டைமேல் இருந்தேன். கருப்பனுக்குக் காய் உடைத்து ஏறினோம். வழக்கமான இடத்தில் சுருளி அண்ணன் நிறுத்த, பின்னால் ஒவ்வொன்றாக வந்து நின்றது. கம்பியால் பீப்பாயைக் குத்துகிற சத்தம்தான் மலை முழுக்க. எங்கள் லாரி நின்ற அடுத்த நொடியே மேலே புதருக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது: "அஞ்சும் வந்துருச்சு, தள்ளுங்கடா!"

எங்களுக்குப் பின்னால் மரம் ஒன்று ரோட்டின் குறுக்கே விழுந்தது. முன்னால் மூன்றாவது லாரிக்கும் நாலாவதுக்கும் நடுவில் பாறைகள் உருண்டன. முகத்தில் துண்டு சுற்றியவர்கள் இருபது முப்பது பேர் இருக்கும், அரிவாளும் கம்புமாக இறங்கினார்கள். எங்கள் இரண்டு லாரி டிரைவர்களையும் இழுத்து ரோட்டில் குப்புறப் படுக்க வைத்தார்கள். முதல் லாரிச் சிப்பாய் ஒருவர் வளைவுவரை ஓடிவந்து துப்பாக்கியைத் தூக்கினார். அது என் நெஞ்சுக்கு நேரே இருந்தது. என் பக்கத்தில்தான் ஒருவன் மூட்டையை உருட்டிக்கொண்டிருந்தான். பின்னாலேயே ஓடிவந்த சுருளி அண்ணன் பாய்ந்து துப்பாக்கிக் குழலைப் பிடித்துக் கீழே அமுக்கியதைப் பார்த்தேன். குண்டு ரோட்டில் பாய்ந்தது. அந்தக் குழப்பத்தில் இரண்டு லாரி அரிசியும் காட்டுக்குள் போய்விட்டது. எல்லை தாண்டி மலையாளத்தில் அப்போது அரிசிக்குப் பறந்துகொண்டிருந்தார்கள்.

நான் மூட்டைமேலேயே ஒட்டிக்கொண்டிருந்தேன். துண்டு சுற்றிய ஆள் என் தொடையைத் தட்டி, கல்யாண வீட்டில் பாய் மடிக்கிறவர் மாதிரி அவ்வளவு தன்மையாகச் சொன்னான்: "தம்பி, அங்கிட்டுத் தள்ளி ஒக்காருங்க, நீங்க ஒக்காந்திருக்கறதையும் எடுக்கணும்."

தகரக் கொட்டகை

அடிவாரத்தில் ஒரு தகரக் கொட்டகையில் விசாரணை. முகாமிலிருந்து சுபேதார் ஒருவர் வந்தார். மலபார்க்காரர், தமிழ் பேசுவார். அதற்குள் எல்லோருக்கும் புத்தி வந்துவிட்டிருந்தது. சிப்பாயில் ஒருவரைக் கடைசி லாரியில் ஏற்றியிருக்க வேண்டும் என்றார் முதலாளி. ஒரே வளைவில் நிறுத்தியது பிசகு என்றார் இன்னொருவர். முந்தின நாள் இதையெல்லாம் ஒருவரும் சொல்லவில்லை.

சுபேதாருக்குக் கேள்வி ஒன்றுதான். ஐந்து லாரி என்று எண்ணிக் காத்திருக்கிறார்கள், சொன்னது யார்? உறையைப் பார்த்தவர்கள் முதலாளி, நான், சுருளி அண்ணன். நிறுத்தியதும் சுருளி அண்ணன், துப்பாக்கியை அமுக்கியதும் அவர். ஆகவே அவரை லாரிக் கயிற்றாலேயே தூணோடு கட்டியிருந்தார்கள். மறுநாள் காலை மதுரைக்குக் கொண்டுபோவார்கள், யுத்தச் சட்டம், எப்போது வெளியே வருவார் என்று சொல்ல முடியாது. குழலை அமுக்கியபோது வெடிநெருப்புப் பட்ட உள்ளங்கை கொப்பளித்திருந்தது. "எதற்கு அந்த வளைவில் நிறுத்தி?" என்று சுபேதார் மூன்றாவது தடவையாகக் கேட்டார். சுருளி அண்ணன் அலுத்துப்போய்ச் சொன்னார்: "சாமி, கரி வண்டி நாம நெனைச்ச எடத்துல நிக்காது, அது நிக்கிற எடத்துல நாம நிக்கணும்."

பலகைமேல் சிவப்புத் துணி

தண்ணீர் குடிக்க என்று வெளியே வந்து காய்க்கடைக்குப் போனேன். பலகை காலியாக இருந்தது. சிவப்புத் துணியை மடித்து ஓரமாக வைத்திருந்தார் ஆத்தா. செம்பை நீட்டிக்கொண்டே பேசினார். "பாவம்பா சுருளி. எந்தப் பாவி காட்டிக் குடுத்தானோ. ஊருல ஆளுகளே சரியில்ல. நேத்துக்கூட ஒருத்தன் வந்தான். காய் வாங்கல, சூடம் வாங்கல. துணியத் தூக்கிப் பாத்துட்டு, 'நாளைக்கு எத்தனை வண்டி ஆத்தா?'ன்னான்."

செம்பைக் கீழே வைத்தேன். "நீங்க என்ன சொன்னீக?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார் போலிருக்கிறது. கல்லாகிப் போவது என்று தாத்தா சொன்னது இதுதான் என்று அந்த வெயிலில் நின்றபடி நினைத்துக்கொண்டேன். ஆத்தா சாதாரணமாகச் சொன்னார்: "வண்டி எனக்கெப்படிடா தெரியும், காய் அஞ்சு சொல்லியிருக்காகன்னு சொன்னேன்."

மூன்று தடவை

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. என்னைப் புளியமரத்துப் பக்கம் தள்ளிக்கொண்டு போய், "வாயைத் தொறக்காத. அந்தக் கெழவி பேர் வந்தா அவளையும் கட்டுவாக, ஒன்னையும் கட்டுவாக, எங் காண்டிராக்டும் போகும். சுருளிக்கு நான் வக்கீல் வைக்கிறேன்" என்றார். ஒளிக்காமல் சொல்கிறேன், நானும் ஒரு நாழிகை மரத்தடியிலேயே நின்றேன். சும்மா இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. உள்ளே அந்தக் கொப்பளித்த கை இல்லாமல் இருந்திருந்தால் சும்மா இருந்திருப்பேனோ என்னவோ.

கொட்டகைக்குள் போய்ச் சொன்னேன். சுபேதார் நிமிரவில்லை, எழுதிக்கொண்டே இருந்தார். மறுபடி சொன்னேன். "எந்தா?" என்றார். மூன்றாவது தடவை, பிறந்ததிலிருந்து சேர்த்து வைத்த சத்தத்தை எல்லாம் எடுத்துக் கத்தினேன். "காய் சொல்லியனுப்பினது நான்! வண்டிக்கு ஒரு காய்! கடைக்காரவுக கேட்டதுக்குப் பதில் சொன்னாக, அவுகளுக்கு ஒண்ணும் தெரியாது! துப்பாக்கிக்கு நேரா இருந்தது நான், அதனாலதான் அண்ணன் அமுக்குனாக!" தகரம் அதிர்ந்தது. சுபேதார் பேனாவைக் கீழே வைத்தார். சிப்பாயைக் கூப்பிட்டுக் கேட்டார், எந்தத் திசையில் குறிவைத்தாய் என்று. கண்டக்டரையும் வரவழைத்துக் கேட்டார். பிறகு வெளியே கருப்பசாமி முன்னால் உடைந்து கிடந்த சிரட்டைகளை விரலால் சுட்டிக் காட்டினார். அப்புறம்தான் சொன்னார்: "அஞ்சு காய் எண்ண எனக்கும் கண்ணு உண்டாயிருந்நு, ஞான் எண்ணியில்ல."

தூண் மாறியது

சுருளி அண்ணனை அவிழ்த்த அதே கயிற்றில் என்னைக் கட்டினார்கள். இரண்டு நாள். ஆத்தாவை ஒன்றும் செய்யவில்லை, எச்சரித்து விட்டுவிட்டார்கள். கெட்ட எண்ணம் இல்லை, அறிவுதான் இல்லை என்று சுபேதார் எழுதிக்கொடுத்ததில் எனக்கு ஜெயில் இல்லாமல் போயிற்று. வேலையும் இல்லாமல் போயிற்று. அதற்குப் பிறகு புது உத்தரவு வந்தது. கடைசி லாரியில் ஒரு சிப்பாய். சாம்பல் தள்ள ஒவ்வொரு தடவையும் வேறு வேறு வளைவு. டிரைவர்கள் காயை விட மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டதால், தேங்காயைத் தேனியிலேயே அரிசி மூட்டைக்குள் வைத்துக் கட்டி அனுப்ப வேண்டும் என்பதும் அந்த உத்தரவில் இருந்தது.

கட்டியிருந்த இரண்டு நாளும் சோறு கொண்டுவந்தது சுருளி அண்ணன்தான். முதல் நாள் ஊட்டிவிட்டு உடனே போய்விட்டார். இரண்டாம் நாள், துணி சுற்றிய கையால் உருண்டை பிடித்து என் வாயில் வைத்துவிட்டு, என்னையே பார்த்தார். திட்டப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் சொன்னது இது: "பக்கத்துல நிக்கிறவனுக்குக் கேக்காதுன்னுதானடா ஒன்னைய வேலைக்கு வச்சாக, கம்பத்துல இருந்து குமுளி வரைக்கும் கேக்குற மாதிரி சொல்லியிருக்கியேடா!"

ஒருவர் கண்ணிலும் படாமல் அத்தனை உறைகளையும் நெஞ்சோடு வைத்துக் காப்பாற்றியவன் நான் என்பதை மட்டும் அந்த விசாரணையில் ஒருவரும் எழுதிக்கொள்ளவில்லை.