மறைப்பு: ஒரு மரம்

வட இங்கிலாந்தின் இந்த ஊரில் டிசம்பர் மாதம் சாயங்காலக் காப்பிக்கே நட்சத்திரம் வந்துவிடுகிறது. நாலரை மணிக்குக் கும்மிருட்டு. எங்கள் சங்கரன்கோவிலில் அந்நேரம் மேய்ச்சலுக்குப் போன ஆடுகூடத் திரும்பியிருக்காது. வந்து எட்டு வருஷமாகியும் என் வயிறு இதை ஒப்புக்கொள்ளவில்லை. கிடைக்கிற இருட்டை வீணாக்குவானேன் என்று எரிநட்சத்திரம் எண்ணுகிற சங்கம் ஒன்றில் சேர்ந்தேன். கணிதத்தில் பட்டம் வாங்கிவிட்டு பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிறவனுக்கு எண்ணுவதற்கு இதைவிட உயர்ந்த பொருள் கிடைக்காது.

நாங்கள் நான்கு பேர். ஊருக்கு வெளியே ஒரு புல்வெளி, ஆளுக்கொரு சாய்வு நாற்காலி, ஆளுக்கொரு திசை. தாளைக் குனிந்து பார்க்காமலே மடியில் கோடு போடவேண்டும். மற்றவர்கள் முப்பது எண்ணினால் நான் பதினைந்து. மூன்று தடவையும் அப்படியே. எங்கள் தலைவர் டெரக், ஓய்வுபெற்ற தபால்காரர். அடுத்த முறையும் குறைந்தால் என் கிழக்குத் திசையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, தேநீர் பிளாஸ்க்கை என் பொறுப்பில் விடுவதாக மிகுந்த மரியாதையுடன் சொன்னார்.

"ஒவ்வொன்றும் விழுந்ததும் பின்னால் திரும்புகிறீர்களே, பிரார்த்தனையா?"

"இல்லை, மரத்தைப் பார்க்கிறேன்."

"ஓ, மரத்தை வணங்குவீர்களா?" என்றார், தொப்பியைக் கழற்றாத குறையாக. நான் விளக்க விளக்க, அவர் கண்ணில் மேலும் பக்திமான் ஆனேன்.

விஷயம் இதுதான். பதினைந்து வருஷம் முந்தி, எழுபதுகளின் தொடக்கத்தில், ஊரில் கரண்ட் போன ஒரு ராத்திரி, நானும் விசைத்தறி வைத்திருந்த என் மச்சான் ஆவுடையப்பனும் மொட்டைமாடியில் படுத்திருந்தோம். ஒரு நட்சத்திரம் எரிந்து விழுந்தது.

"ஏ மாப்ளே, வெரசலா பச்சையப் பாரு! இல்லன்னா எல்லாம் மறந்துபோவும்."

"எனக்கு மறக்கதுக்கு என்ன வே இருக்கு?"

"பனவடலிசத்திரத்துல பொண்ணு பாத்துட்டு வந்தேல்லா, அது மறந்துரும்."

சட்டென்று வேப்பமரத்தைப் பார்த்தேன். "கறுப்பாத்தான தெரியுது?"

"இருட்டுல உனக்குத் தெரியாட்டா என்ன? தான் பச்சைன்னு மரத்துக்குத் தெரியும்லா!"

அன்று ஒட்டிக்கொண்ட பழக்கம். இங்கே குளிர்காலத்தில் இலையோடு நிற்பது என் முதுகுக்குப் பின்னால் உள்ள ஒரே ஒரு ஹாலி மரம். அதைத் திரும்பிப் பார்த்து மீள்வதற்குள் அடுத்தது விழுந்து முடிந்திருக்கும்.

அந்தப் பனவடலிசத்திரத்துப் பெண், என் மனைவி கோமதி, சிரித்தாள். "கணக்குப் படிச்ச மாப்பிள்ளைன்னுதான எங்க அய்யா கட்டிக்குடுத்தாவ! மரத்த விட்டுட்டு ஒழுங்கா எண்ணுங்க." மறுநாள் கழுத்தைத் திருப்பாமல் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். இருபத்தெட்டு! வெற்றியோடு வீடு திரும்பும் வழியில், சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டிலிருந்து கோயில்வரை மனதுக்குள் நடந்தேன். கலர்சோடாக் கடைக்கு அடுத்த கடை எது? வரவில்லை.

கோமதியிடம் கேட்டேன். "நாப்பது வயசாச்சுல்லா, அப்படித்தான்" என்றவள், பிறகு தானும் யோசித்தாள். அவளுக்கும் வரவில்லை. அவள் வானத்தைப் பார்க்கவே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "மரத்தப் பாத்துக்கிட்டே எண்ணுததுக்கு ஒரு வழி பாருங்க" என்றாள். குரலில் கேலி இல்லை.

வழி தாளிலேயே இருந்தது. அடியில் 'மறைப்பு' என்று ஒரு கட்டம். மேகமோ சுவரோ மரமோ வானத்தில் எவ்வளவை மறைத்தது என்று உண்மையாக எழுதிவிட்டால், அதற்குத் தக்கபடி எண்ணிக்கையைச் சரிசெய்துகொள்வார்கள். அடுத்த முறை நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் ஹாலி மரத்தடியில் போட்டேன். பார்வையின் ஓரத்தில் எப்போதும் ஒரு கிளை. திரும்பவேண்டிய வேலையே இல்லை. இருபத்தேழு எண்ணினேன். கட்டத்தில் எழுதினேன்: பத்தில் ஒரு பங்கு, மரம்.

டெரக் தாளை டார்ச் வெளிச்சத்தில் பார்த்துத் தலையாட்டினார். கிழக்கு என்னிடமே இருக்கட்டும் என்றார். பிறகு, "நாற்காலியை நான்கடி நகர்த்தினால் முழு வானமும் கிடைக்குமே?" என்று கேட்டார்.

"கிடைக்கும்" என்றேன். நகர்த்தவில்லை.