கம்பெனிப் புடவைகள்

பாரிஸில் எனக்கு ஒரு கம்பெனி இருந்தது. கட்டடம், காவலாளி என்றெல்லாம் நினைத்துவிட வேண்டாம். லா ஷப்பேலில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டின் சாப்பாட்டு மேசைதான் அலுவலகம். முதலாளியும் நான், வேலையாளும் நான். எண்பதுகளின் நடுவில், ஒரே ஆள் தனியாக லிமிடெட் கம்பெனி தொடங்கலாம் என்று சட்டம் வந்தது. அதைக் கேள்விப்பட்ட வாரமே, என் கூலியில் பாதியைத் தின்றுகொண்டிருந்த ஏஜென்சிக்குப் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு வந்தேன்.

வேலை இதுதான். பொருட்காட்சிகளில் தேயிலையும் கம்பளமும் மிளகும் விற்க வரும் இறக்குமதிக்காரர்களுக்காக அவர்களுடைய கூடத்தில் நிற்க வேண்டும். வருகிறவர்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்து, சிரித்துப் பேசி, சரக்கை வாங்க வைக்க வேண்டும். முன்பு ஏஜென்சி அனுப்பியது, இப்போது நானே ஒப்பந்தம் போட்டு நானே பில் அனுப்பினேன். எல்லா ஒப்பந்தத்திலும் ஒரு வரி தவறாமல் இருக்கும்: "இந்தியப் பாரம்பரிய உடையில்." அதாவது, புடவையில்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். புதுச்சேரியில் பிறந்தவள்தான், ஆனால் கவுன் போட்ட வயதிலேயே குடும்பத்தோடு இங்கே வந்துவிட்டேன். கல்யாணத்தன்று கட்டிய புடவையையும் சித்திதான் கட்டிவிட்டாள். மற்றபடி பேன்ட்டும் ஸ்வெட்டரும்தான் என் உடை. அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை, இன்றைக்கும் இல்லை. கம்பெனிக்காகத்தான் புடவை கட்டவே கற்றுக்கொண்டேன். பொருட்காட்சிக்குப் பேன்ட்டோடு போய், அங்கே கழிவறையில் ஊக்குகளை வாயில் கடித்தபடி புடவைக்கு மாறுவேன். மாலையில் அதே கழிவறையில் மறுபடி பேன்ட்டுக்கு மாறி, புடவையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மெட்ரோ ஏறுவேன். வீட்டு அலமாரியில் அவற்றுக்குத் தனித் தட்டு. என் கணவர் அவற்றைக் கம்பெனிப் புடவை என்றே சொல்வார்.

கட்டக் கற்றுக் கொடுத்தது எங்கள் தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்த யாழ்ப்பாணத்து அக்கா. எங்களைப் போலவே கத்தோலிக்கக் குடும்பம். முன்னால் அரிசி மூட்டை, பின்னால் ஒரு கம்பியில் புடவைகள். எனக்குப் புடவை விற்றதும் அவர்தான், அதைக் கோயிலுக்குக் கட்டி வருவதில்லை என்று ஒவ்வொரு ஞாயிறும் என்னைக் கரித்துக் கொட்டியதும் அவர்தான். காசுக்குக் கட்டுகிறவள் மாதாவுக்குக் கட்டக் கூடாதா என்பது அவர் கட்சி. வேலை உடையோடு யாராவது கோயிலுக்குப் போவார்களா என்பது என் கட்சி.

புடவை வாங்கிய பில், சலவைக்குப் போட்ட பில் எல்லாவற்றையும் கம்பெனிச் செலவில் எழுதினேன். ஏன் எழுதக் கூடாது? தொழிலுக்கென்றே உள்ள உடை என்றால் கம்பெனிச் செலவு, அன்றாடம் உடுத்துவது என்றால் சொந்தச் செலவு. விதி இவ்வளவுதான். நியாயமான விதிதான். அதில் எனக்கு எந்தச் சண்டையும் இருந்ததில்லை.

ஒருநாள் வரி அலுவலகத்திலிருந்து, இங்கே எம்போ என்பார்கள், கடிதம் வந்தது. கணக்குப் பார்க்க ஒருவர் வருவார் என்று எழுதியிருந்தது. தபால் இலாகாவில் வேலை செய்த என் கணவருக்கு அரசாங்க முத்திரையைக் கண்டாலே பயம். "புடவைப் பில்லையெல்லாம் எடுத்துடும்மா. எம்போக்காரங்களோட நமக்கு எதுக்கு வம்பு?" என்றார். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்றேன். ஒரு காகிதத்தைக்கூட நான் எடுக்கவில்லை.

வந்தவர் இளைஞர். மரியாதை தெரிந்தவர், அதைக் குறை சொல்ல மாட்டேன். தேநீர் கொடுத்தால், இந்தத் தேயிலை வாடிக்கையாளர் கொடுத்த மாதிரிச் சரக்கா, வீட்டுக்கு வாங்கியதா என்று கேட்டுவிட்டுத்தான் கோப்பையைத் தொட்டார். ரயில் டிக்கெட், மடக்கு மேசை, கெண்டி எல்லாவற்றுக்கும் சரி என்று தலையாட்டி ஒதுக்கி வைத்தார். புடவைப் பில் வந்ததும் பேனா நின்றது.

"இது உங்கள் வழக்கமான உடைதானே, மதாம்?"

அவருக்கு எதிரில் நான் பேன்ட்டோடுதான் உட்கார்ந்திருந்தேன். அதைச் சொன்னேன். இன்று அதிகாரி வருகிறார் என்பதற்காக அப்படி உடுத்தியிருக்கலாமே என்றார். ஒப்பந்தத்தை எடுத்து அந்த வரியைக் காட்டினேன். அவர் அதை நிதானமாகப் படித்துவிட்டு, "நீங்கள் எப்படி இருக்கிறீர்களோ அப்படியே வரச் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதானே" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சர்க்கஸ்காரர் கோமாளி உடை வாங்கினால் ஏற்றுக்கொள்வீர்களா என்று கேட்டேன். நிச்சயமாக, அது வேஷம் என்றார். இதுவும் எனக்கு வேஷம்தான் என்றேன். என் அம்மா கேட்டிருந்தால் வாயிலேயே போட்டிருப்பாள். ஆனால் உண்மை அதுதான். நாடகக்காரியாக இல்லாத ஓர் இந்தியப் பெண்ணுக்குப் புடவை எப்படி வேஷமாகும் என்று அவர் மெய்யாகவே குழம்பினார். என்னைப் பார்க்காமலே என்னைத் தெரிந்துவைத்திருந்தார்.

அவர் அதைச் சொந்தச் செலவு என்று எழுதிவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வரி திரும்பக் கணக்காகும். வேண்டுமென்றே ஏமாற்றினேன் என்று அபராதமும் சேரும். அந்தச் சின்னக் கம்பெனி அதைத் தாங்காது. மறுபடி ஏஜென்சி வாசலில் போய் நிற்க வேண்டும். அதைவிட, நான் தினமும் என்ன உடுத்துகிறேன் என்பதை முன்பின் தெரியாத ஒருவர் என் மேசையிலேயே உட்கார்ந்து எழுதிவிட்டுப் போவதா? செத்தாலும் விடமாட்டேன் என்று இருந்தது.

அடுத்து பில்லிலேயே அவருக்குச் சந்தேகம் வந்தது. கடைத் துண்டுச் சீட்டில் கையால் எழுதிய பில். கடை நிஜமாகவே இருக்கிறதா என்றார். கீழேதான், வாருங்கள் என்று கோட்டை மாட்டினேன்.

அக்கா கல்லாவில் இருந்தார். டையும் தோல்பையுமாக ஒரு பிரெஞ்சுக்காரர் என் பின்னால் வருவதைப் பார்த்ததும் முகம் இறுகிவிட்டது. வந்தவர் வரி அலுவலகத்துக்காரர் என்று நான் பிரெஞ்சிலேயே சொன்னேன். தமிழில் ஒரு வார்த்தை பேசினாலும் சொல்லிக் கொடுத்தேன் என்று ஆகிவிடும். அவர் பில்லைக் காட்டினார், அக்கா தன் கையெழுத்துத்தான் என்று ஒப்புக்கொண்டார். அப்பாடா என்று மூச்சு விட்டேன். அதற்குள் அந்த மனிதர் போகிற போக்கில் கேட்பது போலக் கேட்டார்: மதாம் இந்தப் புடவைகளை அடிக்கடி கட்டுவாரா?

அக்கா ஒரு கணமும் யோசிக்கவில்லை. தனக்குத் தெரிந்த பிரெஞ்சையெல்லாம் கூட்டி, ஓம், எப்போதும் கட்டுவார், வீட்டிலும் புடவை, வெளியிலும் புடவை, மிக நல்ல குடும்பத்துப் பெண் என்றார். சொல்லிவிட்டு, உன்னைக் காப்பாற்றிவிட்டேன் என்பது போல என்னைப் பார்த்தார்.

ஆடிப்போனேன். ஆனால் அவரை எப்படிக் குற்றம் சொல்வது? நேருக்கு நேர் எவ்வளவு திட்டினாலும், அதிகாரி ஒருவன் வந்து கேட்டால் நம் பெண்ணை விட்டுக்கொடுக்கக் கூடாது. அந்தத் தெருவில் எல்லாருக்கும் அதுதான் சட்டம். உபகாரம் செய்யப் போய் என் தலையில் மண்ணை வாரிப் போட்டுவிட்டார். அந்த மனிதர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பையைத் திறந்து பேனாவைத் தேடினார்.

பிரெஞ்சிலேயே கேட்டேன். "அக்கா, உங்கள் மூத்த மகள் முதல்நன்மை வாங்கிய பூசைக்கு நான் எதை உடுத்திக்கொண்டு வந்தேன்?"

கோயிலில் பிள்ளை முதன்முறையாக நற்கருணை வாங்கும் விழா அது. அக்கா கண்ணாலேயே என்னை அதட்டினார். குளிர் நாள், எல்லாரும் கோட் போட்டிருந்தோம், ஞாபகம் இல்லை என்று மழுப்பினார். இன்னும் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. "பேன்ட்டோடு வந்தேன். எல்லாரையும்விட அழகாகத்தான் இருந்தேன்" என்றேன்.

அவ்வளவுதான். ஞாயிறுதோறும் கொட்டியதெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து மடை உடைந்தது.

"அழகோ? பந்தலோன் போட்டுக்கொண்டு மாதாவுக்கு முன்னாலை வந்து நிண்டனீர், அது அழகோ? ஒரு நாளாவது சாறியோடை கோயில் வாசல் மிதிச்சனீரோ? ஜமே. ஜமே."

பிரெஞ்சும் தமிழும் கலந்து கொட்டினார். இல்லவே இல்லை என்கிற அந்த 'ஜமே'யும் பேன்ட்டைக் குறிக்கும் 'பந்தலோ'னும் அந்த மனிதருக்குப் புரிந்தன. அதோடு நிற்கவில்லை. கல்லாவுக்குக் கீழே இருந்த இழுப்பறையைத் திறந்து, அந்தப் பூசையன்று எடுத்த படத்தை மேசையில் போட்டார். வரிசையாகப் பட்டுப் புடவைகள், நடுவில் வெள்ளை உடுப்பில் மகள், ஓரத்தில் பழுப்புப் பேன்ட்டோடு நான். இந்த ஒருத்தியால் படத்தை ஊருக்கு அனுப்ப முடியவில்லை, வைத்துக்கொண்டு அழுகிறேன் என்று அந்த அதிகாரியிடமே நியாயம் கேட்டார்.

அவர் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அன்றைக்கும் அதே பழுப்புப் பேன்ட்தான். சொல்லிக் கொடுத்துப் பேச வைக்கலாம், இப்படிக் கோபப்பட வைக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பேனாவைப் பைக்குள் வைத்தார்.

சில வாரங்களில் முடிவு வந்தது. புடவையும் சலவையும் கம்பெனிச் செலவுதான். தொலைபேசிச் செலவில் மட்டும் பாதியை வெட்டியிருந்தார். வீட்டுக்கும் அதே தொலைபேசிதானே, அதற்கு நான் வாதாடவில்லை. என் கணவர் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "பரவாயில்லையே" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு.

அக்காவுக்குத்தான் மனம் ஆறவில்லை. அதிகாரி முன்னால் என்னைத் திட்டிவிட்டோமே என்று ஒரு மாதம் எனக்கு அரிசியை நிறுக்காமல் போட்டுக் கொடுத்தார். அந்தத் திட்டுதான் என்னைக் காப்பாற்றியது என்று எவ்வளவு விளக்கியும், நீர் சும்மா சொல்லுறீர் என்பார்.

அடுத்த வசந்தத்தில் இளைய மகளுக்கு முதல்நன்மை. இந்த முறை அவருக்காகவே புடவை கட்டுவது என்று முடிவு செய்தேன். எனக்கே அது பெரிய விஷயம். முந்தின நாள் மாலை கடைக்குப் போய், எந்தப் புடவை கட்டட்டும் என்று கேட்டேன். அக்கா நிறுத்துக்கொண்டிருந்த பருப்பைக் கீழே வைத்தார்.

"வேண்டாம். அந்த எம்போப் பெடியனிட்டை நான் ஜமே எண்டு சொல்லியாச்சு. பந்தலோனோடையே வாரும்."

அப்படியே போனேன். கோயிலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண்மணி, பாரிஸ் புறநகர் பொண்டியிலிருந்து வந்த உறவாம், என்னை ஏற இறங்கப் பார்த்தாள். புடவை கட்டத் தெரியாதா என்று மெதுவாக ஆரம்பித்தாள். முன் வரிசையில் பட்டுச் சரசரக்க அக்கா திரும்பினார்.

"அவவை ஒண்டும் கேளாதேங்கோ. அவ உப்பிடித்தான். கவுண்மேந்துக்கே தெரியும்."

அரசாங்கத்தையே சாட்சிக்கு இழுத்துவிட்டுப் பீடத்தைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். பூசை முடிந்து படம் எடுக்கும்போது, ஓரமாக ஒதுங்கப் போன என்னைக் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்தினார்.